பழைய வீட்டு ஜன்னலில் போகாத வெள்ளை: படிந்ததா, பூத்துப் போனதா?

செட்டிநாட்டுக் கானாடுகாத்தானில், நடுவில் முற்றம் வைத்த ஒரு பழைய வளவு வீட்டைச் சுத்தம் செய்யும் வேலையை எடுத்திருக்கிறீர்கள். தை மாதம் அந்த வீட்டில் அறுபதாம் கல்யாணம். நாற்பதுக்கு மேல் ஜன்னல், அதில் பாதிக்கு மேல் கலர் கண்ணாடி. தூசி, ஒட்டடை எல்லாம் போய்விட்டது. வெள்ளை வெள்ளையாகப் புள்ளியும், வழிந்த கோடும் மட்டும் போகவில்லை. ஸ்பிரே, வினிகர், செய்தித்தாள் எல்லாம் போட்டுப் பார்த்தாயிற்று. கடைக்காரர் பாத்ரூம் ஆசிட்டை ஊற்றச் சொல்கிறார். “எந்த மருந்து போட்டால் போகும்?” என்று கேட்டிருக்கிறீர்கள். மருந்தைப் பற்றிக் கேட்டாலும், உங்களுக்கு முதலில் தெரிய வேண்டியது வேறு இரண்டு என்று நினைக்கிறேன். அந்த வெள்ளை, கண்ணாடியின் மேல் படிந்திருக்கிறதா, கண்ணாடியே பூத்துப் போய்விட்டதா, அதாவது அதன் மேல்தோலே அரித்து வெளுத்துவிட்டதா? அதை எடுக்கும்போது சுற்றியிருக்கிற மரம், கண்ணாடியைப் பிடித்திருக்கும் லப்பம் (பட்டி), தரை, சுவர் எதுவும் கெடாமல் எப்படி எடுப்பது? இந்த இரண்டுக்கும் விடை கிடைத்துவிட்டால் மருந்து தானாகவே முடிவாகிவிடும்.

நான் சிங்கப்பூரில் 6 வருஷம் உயரக் கட்டடங்களுக்குக் கண்ணாடி துடைத்தவன். அங்கேதான் முறையான பயிற்சி கிடைத்தது. அப்புறம் ஊருக்கு வந்து காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கோட்டையூர்ப் பக்கம் 13 வருஷமாக இதே வேலைதான். அங்கே துடைத்ததெல்லாம் பத்து, இருபது வருஷக் கண்ணாடி. இங்கே நம் கையில் வருவது நூறு வருஷக் கண்ணாடி. வருஷத்தில் பாதி நாளுக்கு மேல் பூட்டிக்கிடந்து, ஒரு கல்யாணத்துக்கோ, முன்னோருக்குச் செய்யும் படைப்புக்கோ திறக்கிற வீட்டின் ஜன்னலை, தினமும் துடைக்கிற ஹோட்டல் ஜன்னலைப் போல நினைத்துக் கை வைத்தால் சேதம் நிச்சயம்.

முதலில் அந்த வெள்ளை எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். பெரும்பாலும் தண்ணீரில் இருந்துதான். போர் தண்ணீரில் கால்சியம், மக்னீசியம் கரைந்திருக்கும். தண்ணீர் கண்ணாடியில் பட்டுக் காய்ந்தால் தண்ணீர் போய்விடும், உப்பு தங்கிவிடும். மொட்டைமாடித் தொட்டி நிரம்பி வழிகிற இடத்துக்குக் கீழே உள்ள ஜன்னல், செடிக்குத் தண்ணீர் பீய்ச்சும் பக்கத்து ஜன்னல் இரண்டிலும் இதைப் பார்க்கலாம். கோடு எங்கே தொடங்குகிறது என்று கண்ணால் பின்தொடர்ந்து மேலே போங்கள். அநேகமாக ஒரு குழாயிலோ, தொட்டியிலோ, சிமென்ட் பூச்சு விரிசல் விட்ட இடத்திலோ போய் முடியும். இரண்டாவது காரணம் சுண்ணாம்பு. விசேஷத்துக்கு வெள்ளை அடிக்கும்போது தெறித்தது, அல்லது மழைநீர் சுண்ணாம்புச் சுவரையும் காரையையும் கரைத்துக்கொண்டு கண்ணாடியில் வழிந்தது. மூன்றாவது, கட்டட வேலையின்போது தெறித்த சிமென்ட்.

இந்த மூன்றும் பார்வைக்கு ஒன்றுபோல இருந்தாலும் கண்ணாடிக்குச் செய்கிற கேடு ஒரே அளவு இல்லை. கண்ணாடியின் முக்கியப் பொருள் சிலிக்கா, அதாவது மணல். சாதாரண புளிப்பு, அதாவது அமிலம், எதுவும் அதை ஒன்றும் செய்யாது. ஆனால் காரத்துக்கு அது மெல்ல மெல்ல இடம் கொடுத்துவிடும். ஈரச் சிமென்ட்டும் நீற்றிய சுண்ணாம்பும் கடும் காரம், புளிப்பையும் காரத்தையும் அளக்கிற பி.எச். எண் 12-க்கு மேல். அன்றைக்கே துடைத்தால் வெறும் தண்ணீரிலேயே போய்விடும். மாதக்கணக்கில் விட்டு, மழையில் நனைந்து நனைந்து காய்ந்தால், மேலே உள்ள சுண்ணாம்பை எடுத்த பிறகும் கீழே கண்ணாடி மங்கியே இருக்கும். தரைக்குப் போடும் ஆத்தங்குடிக் கல் செய்கிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். ஒரு கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து, கலர் சிமென்ட்டை அதில் ஊற்றித்தான் அந்தக் கல்லை வார்க்கிறார்கள். கல்லின் பளபளப்பே அந்தக் கண்ணாடியில் இருந்து வருவதுதான். சிமென்ட்டைக் கண்ணாடியில் இருந்து சீக்கிரமே பிரித்து எடுத்துவிடுவதால் தகடு பிழைக்கிறது. ஜன்னலில் தெறித்ததை யாரும் அப்படி எடுப்பதில்லை.

இன்னொரு வகையும் உண்டு, பூட்டிய வீடுகளில் இதுதான் அதிகம். கண்ணாடியில் சோடியம் இருக்கிறது. ஈரம் நாள்பட அதன் மேல் தங்கினால் சோடியத்தை வெளியே இழுக்கும். அது அந்த ஈரத்தையே காரமாக்கும். அந்தக் காரம் திரும்பக் கண்ணாடியைத் தின்னும். தொடக்கத்தில் எண்ணெய் பட்டதுபோல வானவில் நிறம் தெரியும், முற்றினால் பால்போல வெளுக்கும். சமையல்கட்டு எண்ணெய்ப் பிசுக்கும் இப்படித்தான் மினுங்கும் என்பதால் பலர் குழம்புவார்கள். சோப்புத் தண்ணீரில் போனால் எண்ணெய். போகாமல் அதே நிறம் நின்றால் கண்ணாடி மாறிவிட்டது என்று அர்த்தம்.

சரி, உங்கள் ஜன்னலில் இருப்பது எது என்று எப்படித் தெரிந்துகொள்வது? நான் செய்வது இதுதான். காலை வெயில் ஏறுமுன், கண்ணாடி குளிர்ந்திருக்கும்போது, ஒரு மூலையை மட்டும் சோப்புத் தண்ணீரில் கழுவித் துடைத்துவிட்டு நகத்தை மெதுவாக இழுப்பேன். சொரசொரப்பாக மேடு தட்டினால் மேலே ஏதோ படிந்திருக்கிறது. வழவழவென்று நகம் ஓடியும் வெள்ளை தெரிந்தால் பூத்திருக்க வாய்ப்பு அதிகம். அப்புறம் ஈரத் துணியால் ஒற்றுவேன். நனைந்ததும் வெள்ளை மறைந்து, காய்ந்ததும் திரும்பி வந்தால் பூத்த கண்ணாடி என்று பலர் உடனே முடிவு கட்டுவார்கள். அதை நம்பி மட்டும் முடிவெடுக்காதீர்கள். மெல்லிய உப்புப் படிவும் நனைந்தால் மறையும். மூன்றாவது சோதனைதான் தீர்ப்பு. எலுமிச்சை உப்பு (சிட்ரிக் அமிலம்) கரைத்த தண்ணீரில் ஒரு ரூபாய் அகலத்துக்குப் பஞ்சை நனைத்து ஒட்டவைத்து 10 நிமிஷம் பொறுங்கள். ஓரத்தில் பொடிப்பொடியாக நுரை கிளம்பி, பஞ்சை எடுத்தால் வட்டமாகத் தெளிந்திருந்தால் அது தண்ணீர் உப்போ சுண்ணாம்போ படிந்தது. உங்கள் வேலை முடியும். கொஞ்சம் தெளிந்து மீதி நின்றால் இரண்டும் கலந்திருக்கிறது. துளிகூட மாறவில்லை என்றால் ஒன்று தண்ணீரில் இருந்த சிலிக்காப் படிவு, இல்லை பூத்த கண்ணாடி. கடைசி இரண்டையும் கண்ணால் பார்த்துப் பிரித்துச் சொல்ல எனக்கும் முடியாது. பிளேடில் மாட்டினால் படிவு, மாட்டாவிட்டால் பூத்தது என்று ஓரளவு சொல்லலாம். அவ்வளவுதான்.

கடைக்காரர் சொன்ன பாத்ரூம் ஆசிட் ஹைட்ரோகுளோரிக் அமிலம். அது கண்ணாடியைத் தின்னாது, சுண்ணாம்பை நொடியில் கரைக்கும், உண்மைதான். ஆனால் அதன் ஆவி ஜன்னல் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும், பித்தளைக் கீலைக் கறுக்க வைக்கும், உங்கள் மூச்சைப் பிடிக்கும். பக்கத்திலேயே பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவிய தரை இருந்தால் இரண்டும் சேர்ந்து குளோரின் வாயு கிளம்பும். பூட்டிய அறையில் அது உயிருக்கே ஆபத்து. பழைய வீட்டில் எக்காரணம் கொண்டும் அதைத் தொடாதீர்கள். அதைவிடக் கடுமையாக ஒன்றைச் சொல்ல வேண்டும். துருக்கறை எடுக்கும் சில மருந்துகளிலும், கண்ணாடியைப் புதிதாக்கும் என்று விற்கும் சிலவற்றிலும் ஹைட்ரோஃப்ளூரிக் அமிலமோ அம்மோனியம் பைஃப்ளூரைடோ இருக்கும். மற்ற அமிலங்கள் தொடாத சிலிக்காவையும் அது கரைக்கும், அதனால் கறை போகும். கூடவே கண்ணாடியின் தோலும் போகும். கையில் பட்டால் முதலில் வலிக்காமலேகூட இருக்கும். உள்ளே இறங்கி உடம்பின் கால்சியத்தைப் பிடிக்கும், எலும்பு வரை போகும், அதிகமாகப் பட்டால் இதயமே நின்றுவிடும். பாட்டிலில் அந்தப் பெயர் இருந்தால் கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். சிங்கப்பூரில் எங்களுக்கு முதல் நாள் வகுப்பே இதைப் பற்றித்தான்.

எலுமிச்சை உப்பே போதும். 1 லிட்டர் தண்ணீருக்கு 50 முதல் 100 கிராம் வரை. கடை வினிகரில் அசிட்டிக் அமிலம் 4, 5 சதவீதம்தான் இருக்கும். தெளித்ததும் வழிந்து காய்ந்துவிடும், அதனால்தான் உங்களுக்கு வேலை செய்யவில்லை. மருந்து வேலை செய்ய நேரம் வேண்டும். டிஷ்யூ பேப்பரை அந்தக் கரைசலில் நனைத்துப் பிழிந்து, கறை மேல் ஒட்டி, மேலே பிளாஸ்டிக் தாளை அழுத்திவிட்டு 15 நிமிஷம் விடுங்கள். எடுத்து, ஸ்கிரப்பரால் மெதுவாகத் தேய்த்து, நல்ல தண்ணீரில் கழுவித் துடையுங்கள். ஒரே தடவையில் போகாவிட்டால் மருந்தைக் கூட்டாதீர்கள், தடவையைக் கூட்டுங்கள். மூன்று, நான்கு தடவையில் பாளம் பாளமாக இறங்கும்.

ஆனால் பேப்பரை ஏன் பிழியச் சொல்கிறேன் என்பதைக் கேளுங்கள். ஊருக்கு வந்த முதல் வருஷம், பள்ளத்தூரில் ஒரு வீட்டு மாடியில் இதே கரைசலைத் தாராளமாகத் தெளித்தேன். கண்ணாடி தெளிந்துவிட்டது. சந்தோஷமாக வீட்டுக்குப் போய்விட்டேன். மறுநாள் காலை வந்து பார்த்தால், ஜன்னலுக்குக் கீழே ஆத்தங்குடித் தரையில் ஒரு முழ நீளத்துக்கு, கரைசல் ஓடிய வழியெல்லாம் வளைந்து வளைந்து மங்கலாக ஒரு தடம். சிவப்புப் பூ ஒன்றின் பாதி பளபளக்கிறது, பாதி சாம்பல் பூத்திருக்கிறது. ஆத்தங்குடிக் கல் சிமென்ட். புளிப்பு பட்டால் மேல்தோல் கரைந்துவிடும். இத்தாலி மார்பிளும் அப்படித்தான், முட்டை வெள்ளைக்கரு சேர்த்துத் தேய்த்த சுண்ணாம்புச் சுவரும் அப்படித்தான். எண்ணெய் போட்டுத் துடைத்துப் பார்த்தேன். கொஞ்சம் தணிந்தது, போகவில்லை. நான்கு கல்லை மாற்றிக் கொடுத்தேன். புதுக்கல்லின் சிவப்பு பழைய சிவப்போடு ஒட்டவே இல்லை. இன்றைக்கும் அந்த வீட்டுக்குப் போனால் என் கண் முதலில் அந்த நான்கு கல்லுக்குத்தான் போகும். அதற்குப் பிறகு, ஜன்னல் அடிக்கட்டையில் பழைய துண்டை மடித்துத் திணித்து, தரையில் பிளாஸ்டிக் விரித்து, அதன் மேல் புளிப்பை முறிக்கும் சோடா உப்புத் தண்ணீர் ஒரு வாளி வைத்துக்கொள்ளாமல் பாட்டிலைத் திறப்பதில்லை. ஒரு சொட்டு விழுந்தாலும் உடனே அந்தத் தண்ணீரால் ஒற்றி எடுத்துவிடலாம்.

கண்ணாடியைச் சட்டத்தில் பிடித்துவைத்திருக்கிற பழைய லப்பத்தையும் பாருங்கள். அது சாக் மாவும் ஆளிவிதை எண்ணெயும் பிசைந்தது. சாக் என்றால் சுண்ணாம்புதான், புளிப்பு அதையும் அரிக்கும். விரல் வைத்தால் உதிர்கிற நிலையில் லப்பம் இருந்தால் அந்தக் கண்ணாடியை அழுத்தித் தேய்க்கவே கூடாது, கையோடு வந்துவிடும். அந்த இடத்தில் நான் ஓரத்தில் அரை அங்குலம் விட்டுவிட்டு நடுவில் மட்டும் வேலை செய்வேன்.

பிளேடு பற்றி இரண்டு வார்த்தை. புது பிளேடு, கண்ணாடி நன்றாக நனைந்திருக்க வேண்டும், ஒரே திசையில் தள்ள வேண்டும், திரும்ப இழுக்காமல் தூக்கி எடுத்து மறுபடி வைக்க வேண்டும். முன்னும் பின்னுமாக இழுத்தால் பிளேடுக்கு அடியில் மாட்டிய மணல் கோடு போட்டுவிடும். பெயிண்ட் சொட்டு, சிமென்ட் பொட்டு, ஸ்டிக்கர் இவற்றுக்கு இதுதான் வழி. பழைய சாதாரணக் கண்ணாடியில் தைரியமாகப் பயன்படுத்தலாம். ஆனால் சில வீடுகளை இப்போது தங்கும் விடுதியாக மாற்றி, குளியலறைக்கு டஃபன்ட் கண்ணாடி (சூளையில் சுட்டுக் கடினமாக்கியது) போட்டிருக்கிறார்கள்; மூலையில் சின்ன முத்திரை இருக்கும். சூளையில் ஒட்டிக்கொண்ட கண்ணாடித் துகள் அதன் மேல் இருக்கக்கூடும், பிளேடு அதைப் பிடுங்கி இழுத்தால் கண்ணாடி முழுக்கக் கீறல். அங்கே பிளேடு வேண்டாம். வெயிலைத் தடுக்கப் பூச்சு போட்ட ஜன்னல் கண்ணாடியிலும் வேண்டாம். நாலு சைபர் (0000) நம்பர் இரும்பு நார் என்று மிக மென்மையான ஒன்று கிடைக்கும். நனைத்துத் தேய்த்தால் சாதாரணக் கண்ணாடியில் கோடு விழாது. பாத்திரம் தேய்க்கும் கம்பி நார் அதற்கு ஈடில்லை. தேய்த்து முடித்ததும் உதிர்ந்த இழையைச் சட்டத்தில் இருந்து துடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் இரண்டு நாளில் மரத்தில் துருப்புள்ளி வைக்கும்.

இனி கலர் கண்ணாடி. இங்கேதான் நீங்கள் மிகவும் பொறுமையாக இருக்க வேண்டும். சில கண்ணாடியில் நிறம் முழுக்க உருக்கிலேயே கலந்திருக்கும். எவ்வளவு தேய்த்தாலும் நிறம் போகாது. சிலதில், முக்கியமாகச் சிவப்பில், நிறமில்லாத வெள்ளைக் கண்ணாடியின் ஒரு பக்கத்தில் மெல்லிய சிவப்புத் தோல் மட்டும் இருக்கும். முழுக் கனத்துக்கும் சிவப்பு போட்டால் இருட்டிவிடும் என்பதால் அப்படிச் செய்வார்கள். ஓரம் உடைந்த கண்ணாடி ஒன்று கிடைத்தால் பக்கவாட்டில் பாருங்கள், கோடுபோலச் சிவப்பு தெரியும். அதை நாரும் பாலிஷும் போட்டுத் தேய்த்தால் சிவப்பு வெளிறி ரோஸ் ஆகிவிடும். இன்னும் சிலது பிற்பாடு யாரோ கலர் பெயிண்ட் அடித்தது. ஒரு மூலையில் தின்னர் தொட்ட பஞ்சை வைத்தாலே நிறம் பஞ்சில் ஏறிவிடும். மூன்றில் எது என்று தெரியாதவரை சோப்புத் தண்ணீரும் மெல்லிய துணியும் தவிர வேறெதுவும் வேண்டாம். பூ வேலைப்பாடு உள்ள கண்ணாடியில் பள்ளத்துக்குள் படிந்ததைப் பிளேடு எட்டாது. மென்மையான பல் துலக்கும் பிரஷ்தான். முகப்பிலோ, பட்டாலை என்கிற கூடத்திலோ மாட்டியிருக்கும் கண்ணாடி ஓவியங்களின் பின்பக்கத்தைத் தொடவே தொடாதீர்கள். படம் வரைந்திருப்பதே அந்தப் பக்கத்தில்தான். பெல்ஜியம் கண்ணாடி என்று சொல்கிற பெரிய நிலைக்கண்ணாடிகளுக்கு நேரடியாக எதையும் தெளிக்காமல் துணியில் தொட்டுத் துடையுங்கள், ஓரத்தில் இறங்கிய தண்ணீர் ரசத்தைக் கறுக்க வைக்கும்.

மற்ற கறைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். செலோடேப், ஸ்டிக்கர் பசைக்கு நீலகிரித் தைலம் தொட்டு ஐந்து நிமிஷம் விட்டால் குழைந்துவிடும், அப்புறம் சோப்பு. எனாமல் பெயிண்டுக்குத் தின்னரைத் துணியில் தொட்டு, கண்ணாடியில் மட்டும். பர்மாத் தேக்கின் வார்னிஷில் பட்டால் அதுவும் சேர்ந்து உரிந்துவிடும். வௌவால், புறா எச்சத்தைக் காய்ந்தபடி சுரண்டாதீர்கள், அந்தத் தூள் நுரையீரலுக்குக் கேடு. மாஸ்க் போட்டுக்கொண்டு, ஈரத்துணியை அரை மணி நேரம் போர்த்தி ஊறவைத்து எடுங்கள். கடைசிக் கழுவலுக்கு அந்த வீட்டுப் போர் தண்ணீரையே பயன்படுத்தினால் நீங்களே புதுப் புள்ளி வைக்கிறீர்கள். முற்றத்து அண்டாவில் பிடித்த மழைத்தண்ணீர் இருந்தால் அதைவிட நல்லது இல்லை. இல்லாவிட்டால் ஆர்.ஓ. தண்ணீர் ஒரு கேன்.

பூத்துப் போன கண்ணாடிக்கு வழியே இல்லையா என்றால், சீரியம் ஆக்சைடு என்ற பொடியைக் குழைத்து, கம்பளி வட்டில் போட்டு மெஷினில் தேய்த்து மேல்தோலை எடுக்கலாம். மெல்லிய மங்கல் என்றால் தெளியும். ஆழமாக அரித்திருந்தால் எத்தனை மணி நேரம் தேய்த்தாலும் போகாது, தேய்த்த இடம் குழிந்து வெளியே உள்ள தென்னை மரம் நெளிந்து தெரியும். சூடேறினால் பழைய கண்ணாடி விரிசல் விடும். உதிரும் லப்பத்தில் நிற்கிற நூறு வருஷக் கண்ணாடியில் நான் மெஷின் வைப்பதில்லை. கையால் கொஞ்ச தூரம் போவேன், தெளியாவிட்டால் விட்டுவிடுவேன். என்னைவிடக் கைதேர்ந்தவர்கள் முயன்றால் வரக்கூடும். நான் பொறுப்பேற்க மாட்டேன்.

விட்டுவிடுவதை வீட்டுக்காரர்களிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். வேலை முடிந்தபின் சொன்னால் சாக்காகத் தெரியும். தேவகோட்டையில் ஒரு வீட்டில், தொட்டி வழிந்த தண்ணீர் பல வருஷம் விழுந்த நீலக் கண்ணாடி ஒன்று. மேல் பாதி தெளிந்தது, கீழ்ப் பாதி விசிறிபோல வெள்ளையாகவே நின்றது. ஆச்சியைக் கூப்பிட்டு, பஞ்சு வைத்த வட்டத்தைக் காட்டி, “இதுக்கு மேல தேய்ச்சா கண்ணாடிதான் போகும் ஆச்சி” என்றேன். கிட்டே வந்து விரலால் தடவிப் பார்த்துவிட்டு, “எங்க ஐயா வாங்கிப் போட்ட கண்ணாடி தம்பி, அது இருக்கட்டும். அந்தத் தொட்டிக் குழாயை மொதல்ல அடைக்கச் சொல்றேன்” என்றார். அடைத்தும்விட்டார். உங்கள் வீட்டுக்காரர்கள் மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால், காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் இடித்த வீடுகளின் பழைய சாமான் விற்கிறார்கள், அங்கே விசாரித்துப் பாருங்கள். கண்ணாடி கிடைத்தாலும் அதே நிறம் அமைவது அபூர்வம். அதையும் சொல்லிவிடுங்கள்.

தைக்குள் முடிக்க வேண்டும் என்பதால் வேலையை இப்படிப் பிரித்துக்கொள்ளலாம். வெள்ளை அடிப்பது இன்னும் முடியவில்லை என்றால் முதலில் அது முடியட்டும். அதற்கு முன் எல்லாக் கண்ணாடியிலும் செய்தித்தாளை ஒட்டிவிடுங்கள். பிறகு பின்கட்டில் யார் கண்ணும் படாத ஒரு வெள்ளைக் கண்ணாடியில் பஞ்சுச் சோதனை. எல்லா ஜன்னலையும் வேலைக்கு முன் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். காலை 6 முதல் 9 வரை கிழக்குப் பக்கம் தவிர மற்றவை, வெயில் திரும்பிய பின் கிழக்கு. சூடான கண்ணாடியில் கரைசல் உடனே காய்ந்து கோடு போடும். சாதாரண வெள்ளைக் கண்ணாடி எல்லாம் முடிந்து கை பழகிய பின் பச்சை, நீலம், மஞ்சளுக்குப் போங்கள். சிவப்பைக் கடைசி நாளைக்கு வைத்துக்கொண்டு, ஓரம் பார்த்து அது எந்த வகை என்று தெரிந்த பிறகு மட்டும் தொடுங்கள்.